ஐம்பத்து நான்கு லிட்டர்

நீலம்தான் கேட்டேன்.
மலாவி ஏரியின் அந்த மின்சார நீலம்.
"தொட்டி எவ்வளவு?" என்றார் வியென்சிஸ்வாவ்.
ஐம்பத்து நான்கு லிட்டர்.
வலையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டார்.
"மூன்றே வாரம். மற்றதையெல்லாம் கொன்றுவிட்டு
ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்."

விரோத்ஸ்வாஃபில் பனி. டிராம் வர ஒன்பது நிமிடம்.

"வீட்டுக் கெட்டிலில் வெள்ளை படிகிறதா?"
படிகிறது. வினிகருக்கும் மசிவதில்லை.
"நல்லது" என்றார்.
அந்தக் கறையை
நல்லதென்று சொன்ன முதல் ஆள்.

கடைசி வரிசை, விளக்கு எரியாத தொட்டி.
தாங்கன்யிகாவின் சாம்பல் கோடுகள்,
கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம்.
ஆளுக்கொரு காலி நத்தை ஓடு இருந்தால் குடித்தனம் நடத்தும்.

ஓடுகளுக்கு பிரெஞ்சு உணவகத்தின் பின்வாசலில் நின்றேன்.
பூண்டு வாடை போக
நான்கு கொதி.

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன்:
ஒரு வாய் மணல், இன்னொரு வாய் மணல்,
பக்கத்து ஓட்டின் வாசலைத்
தூர்த்துக்கொண்டிருக்கிறது ஒன்று.
உள்ளே இருப்பது
எல்லாவற்றையும் வெளியே துப்புகிறது.

காலை ஆறு மணிக்கே
சுவருக்கு அந்தப் பக்கம்
ஆணி அடிக்கத் தொடங்குகிறாள் ஓல்ஷெவ்ஸ்கா.

கோட்டைக் கழற்றாமல்
தரையில் உட்கார்கிறேன்,
யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்க.