முப்பத்தொரு பேர்

ஷார்ஜா, ரோலா. நாலாம் மாடி.
ஃப்ரிட்ஜின் மேல், ஊறுகாய் பாட்டிலுக்கும்
சவரப் பெட்டிக்கும் நடுவே
மூடி உடைந்த ஒரு லேப்டாப்.
அதற்குள்தான் இப்போது நாங்கள்.
ஆளுக்கு மாதம் மூன்று திர்ஹாம்,
கணக்கு நெய்னாவிடம்.

அங்கே எனக்கு ஆயிரத்து இருநூறு நண்பர்கள்.
சம்பளம் வராத மாதம் எழுதியதை
ஒருவரும் பார்க்கவில்லை.
அன்றிரவே கடன் விளம்பரம் மட்டும்
என்னைத் தேடி வந்தது.

பிறகொரு நாள் காலை அது சொன்னது:
"இன்று சூசைராசுவின் பிறந்தநாள். வாழ்த்துங்கள்!"
சூசையைப் பெட்டியில் வைத்து அனுப்பி
ஏழு மாதம் ஆகியிருந்தது.
கார்கோ தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்.

கணக்கை மூடப் போனேன்.
நிஜமாகவா, நிஜமாகவா என்று
மூன்று முறை கேட்டது.
சூசையைக்கூட யாரும்
அப்படிக் கேட்டதில்லை.

இங்கே எதுவும் எங்களுக்கு நினைவூட்டாது.
யாராவது அயர்ன் பாக்ஸைச் செருகினால்
ஃப்யூஸ் போகும்,
முப்பத்தொரு பேரும் ஒன்றாக இருண்டுபோவோம்.

நேற்றும் போனது.
வெளிச்சம் வந்ததும் எபனேசரின் ஒரு வரி:
"மன்னிக்கணும். இன்டர்வியூ. சட்டை கசங்கியிருந்துச்சு."

அதன் கீழே, இரவு ஷிஃப்ட்டிலிருந்தும்,
பதினாறு பேர்:
கெடச்சுதா?