பயின்ற இடங்கள் அனைத்தும்

"பயின்ற நிறுவனங்கள் அனைத்தையும் குறிப்பிடுக"
என்கிறது முனைவர் பட்ட விண்ணப்பம்.
யாக்கிமா, சமுதாயக் கல்லூரி என்று அடித்து
அழித்து
மறுபடி அடிக்கிறாள் ஷியோமாரா.

வகுப்பு இரவு ஏழுக்கு.
ஆப்பிள் கிடங்கில் ஷிப்ட் முடித்து
கையுறையோடு போய் உட்கார்ந்த நாட்கள் உண்டு.
பாறையைப் பெயர் சொல்லித் தொட்டது அங்கேதான்:
பசால்ட். ஆறிப்போன நெருப்பு.
அதுவரை அவளுக்கு அது
கார் நிறுத்துமிடத்தில் காலை இடறும் கல்.

நேர்காணலில் ஒருவர் கேட்டார்,
ஏன் அந்தக் கல்லூரி?
"பதினோராம் எண் பஸ் அங்கே நின்றது."
யாரோ சிரித்தார்கள்.
நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள் போல.

ஏப்ரல் கடைசியில் கடிதம்.
இடம் உண்டு, உதவித்தொகை பிறகு தெரியும்.
இரண்டாவது வரியை இருமுறை படிக்கிறாள்,
பிறகு வரைபடத்தைத் திறந்து
அந்த ஊரில்
பஸ் எத்தனை மணிவரை ஓடும் என்று பார்க்கிறாள்.