ஒரு சத்தத்தை ஒப்படைத்தல்

சத்தத்தை வாயால்தான் செய்து காட்ட வேண்டியிருக்கிறது.
கட்… கட்ர்… கட்.
பள்ளத்தில் இல்லை, மேட்டில்.
பிறையில் கிளம்பும்போது இல்லை,
பாலம் தாண்டி வண்டி சூடானதும்.
ஜெலுத்தோங் பட்டறை வாசலில்
நாற்பத்தாறு வயசுப் பொம்பளை நான்
என் மைவி மாதிரி இருமிக்கொண்டு நிற்கிறேன்.
குணாளன் சிரிக்கவில்லை.
"இன்னொரு தடவை," என்று கண்ணை மூடிக் கேட்கிறான்.

"அண்ணன் வரலையாக்கா?" இது பையன்.
ஒன்பது வருஷத் தவணை கட்டியது யார்,
கிராண்டில் யார் பெயர்,
எதையும் சொல்லவில்லை.
சாவியை நீட்டினேன்.

காத்திருப்பவர்களுக்கு
ஏதோ பழைய வோல்வோவின் பின்சீட்டு.
பெல்ட்டுகூட இருக்கிறது.
மைலோ டின் நிறைய
எந்த வண்டியும் கேட்டு வராத நட்டுகள்.
சிவப்பு பல்பின் கீழே டத்தோ சாமிக்கு
இரண்டு ஆரஞ்சு, ஒரு கோப்பி ஓ.
தவுக்கே டயர்மேல் உட்கார்ந்து போனில்
யாருக்கோ ஹொக்கியனில் நாளை என்கிறார்,
பிறகு நாளை மறுநாள்.

போன மாதம் போனது கண்ணாடிக் கடை.
குளிர், வைஃபை, வெள்ளைச் சட்டை.
அப்சார்பர் நாலும் போச்சு,
லோவர் ஆர்ம் போச்சு, மௌண்டிங் போச்சு,
உயிர் மட்டும்தான் பாக்கி என்பதுபோலச் சொன்னார்.
அறுநூற்று எண்பது வெள்ளி.
சத்தம் என்னோடேயே வீட்டுக்கு வந்தது.

பாயான் லெப்பாஸில் கணக்கு எழுதுகிறவள் நான்.
பில்லைக் கண்டால் கண் கீழிருந்து மேலே ஏறும்.
அதனால் கேட்டே விட்டேன்,
கழற்றுகிற பழசையெல்லாம் காட்ட வேண்டும் என்று.
பையன் முகம் சுருங்கியது.
"காட்டுறதென்ன, வீட்டுக்கே கொண்டு போங்க."

வண்டி மேலே போனது.
பதினாறு வருஷமாய் நான் ஏறி உட்கார்ந்ததற்கு
இப்படி ஒரு அடிவயிறு.
துரு, கடலுப்பு, எங்கோ உரசிய வடு.
ஆஸ்பத்திரித் திரையைத் தவறி விலக்கியவள்போல
கொஞ்சம் தள்ளி நின்றேன்.

டார்ச். நீளக் கம்பி.
ஓரிடத்தில் தட்டி, "இதுவா?"
இல்லை, அது கனம்.
"இது?"
கிட்டத்தட்ட. ஆனால் என்னுடையது இன்னும் அற்பம்.
நாக்கு நுனியில் நிற்கும் ஒரே சொல்லை
இரண்டு பேர் தேடுவதுபோல அரை மணி நேரம்.

எக்சாஸ்ட்டுக்கு மேலே ஒரு தகடு,
சூட்டை மறைப்பதற்கு.
அதன் போல்ட்டைத் துரு தின்றிருக்கிறது.
விரலால் சுண்டினான். கட்ர்.
அதேதான்!
நாய் எழுந்து என்னைப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்தது.

கிளிப் நாலு வெள்ளி.
ஆயிலும் ஃபில்டரும் நூற்று முப்பது.
"பிரேக் இன்னும் ஒரு தீபாவளி தாங்கும்,
இப்ப மாத்தினா எனக்குத்தான் லாபம்.
வாட்டர் பம்ப்ப மட்டும் தள்ளிப் போடாதீங்க."
அது இருநூற்று அறுபது.
இரண்டையும் ஒரே குரலில் சொன்னான், நம்பினேன்.
இல்லை, நம்புவதென்று முடிவெடுத்தேன்.
எனக்கென்ன தெரியும் பம்ப்பைப் பற்றி?
விரலை நீட்டினான், நுனியில் பச்சை ஈரம்.
என்னால் சரிபார்க்க முடிந்தது
அந்தப் பச்சை ஒன்றைத்தான்.

கண்ணாடிக் கடையைப் பற்றிச் சொன்னேன்,
கூடச் சேர்ந்து ஏசுவான் என்று.
சோப்புத்தூளில் கையைத் தேய்த்துக்கொண்டே,
"அங்க வாடகை ஜாஸ்திக்கா," என்றான்.
அவ்வளவுதான்.

பழைய பம்ப்பும் ஃபில்டரும் அந்தப் போல்ட்டும்
செய்தித்தாளில் சுருண்டு பக்கத்து சீட்டில்.
கண்ணாடி மூலையில் புது ஸ்டிக்கர்:
அடுத்து, நூற்று எண்பத்து நாலாயிரத்தில்.

பாலத்தில் ரேடியோவை அணைத்தேன்.
முதல் மேடு. காதைத் தீட்டினேன்.
ஒன்றுமில்லை.
இரண்டாவதில்
பொட்டலத்துக்குள்ளிருந்து,
மெதுவாக,
கட்.