செத்ததுபோல் கிடப்பது

வெள்ளைத்தாளுக்கு மேலே பிடித்து
சுருட்டின் அடியை விரலால் தட்டுவேன்.
ஒன்றும் உதிராவிட்டால் பெட்டிக்கு.
மாவுபோல் தூள் உதிர்ந்தால்
உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள்.

எஸ்தெலியில், நெடுஞ்சாலைக்குப் பின்புறக் கிடங்கில்
எட்டு மணிநேரமும் எனக்கு இதுதான்.
தட்டுவது. பார்ப்பது. தட்டுவது,
சந்தையில் தர்பூசணி வாங்க வந்து
வாங்காமலே நிற்கிறவளைப்போல.

சனிக்கிழமை, மூன்றாவது பெட்டியில்
மேலிலையில் ஒரு துளை.
ஊசி போய்வந்த அளவு. சுற்றிலும் கிழிசல் இல்லை.
அவ்வளவு சுத்தமான வேலையை
எங்கள் சுருட்டுக்காரர்களில் ஒருவரும் செய்து
நான் பார்த்ததில்லை.

எவெலியோ ஓடி வந்தார்.
"பசை வைத்து அடைத்துவிடு, சியோமாரா.
ஹாம்பர்க்காரன் கண்ணாடி போட்டாலும் தெரியாது."

அடைக்கலாம்.
ஆனால் அது உள்ளே போன வழி அல்ல,
வெளியே வந்த வழி.
காலிசெய்துவிட்டுப் போனவனுக்குப் பின்னால்
கதவைச் சாத்தி என்ன ஆகப்போகிறது?
போனது ஒன்று.
வைத்துவிட்டுப் போனது எத்தனையோ.

வெப்பமானி இருபத்தெட்டு காட்டியது.
கிடங்கின் ஃப்ரீசர் இரண்டு நாளாக மூச்சு விடவில்லை.
மின்சாரம் வரும், போகும், வந்ததுபோல் போகும்.
அந்தச் சூட்டில்
முட்டைக்கு அடைகாக்கத் தாய்கூட வேண்டாம்.

நோர்லானின் வண்டியில் நாற்பத்திரண்டு பெட்டி.
தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி,
பிரசவ வலிக்காரியை ஏற்றிப் போகிறவன்போல்
குழி பார்த்துப் பார்த்து ஓட்டினான்,
கிரிசெல்டாவின் குச்சி ஐஸ் ஆலைக்கு.
அவளிடம் ஜெனரேட்டர் இருந்தது.

"மூன்று நாளா? என் புளி ஐஸில் புகையிலை வாடை ஏறினால்?"
"எங்கள் புகையிலையில் புளி ஏறினால்
ஒரு குடும்பமே அழும்" என்றான் நோர்லான்.
பெட்டிக்கு இரண்டு பிளாஸ்டிக் பை, காற்றைப் பிழிந்து.
ஒருபுறம் புளி, ஒருபுறம் தேங்காய்,
நடுவில் ஹாம்பர்க்.

மைனஸ் இருபது. மூன்று இரவு.
அவசரப்பட்டு வெயிலுக்கு எடுத்தால்
இலை வெடிக்கும்.
ஆகவே ஒரு நாள் சாதாரண ஃப்ரிட்ஜில்,
பிறகு நிழலில்.
குளிருக்குள் போவதைவிட
குளிரிலிருந்து திரும்பத்தான் பொறுமை வேண்டியிருக்கிறது.

கூலியாகக் கிரிசெல்டா ஒரு சுருட்டு கேட்டாள்.
துளை விழுந்ததையே கேட்டாள்.
துளைமேல் விரல் வைத்து, எடுத்து, வைத்து,
புல்லாங்குழல்காரிபோல் ஊதினாள்.
புகை இரண்டு வழியாகப் போனது.
எவெலியோ சிரிக்கவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம்.

நேற்றிரவு பீன்ஸில் போட மிளகாய்த்தூள் எடுத்தேன்.
அட்டை டப்பாவின் மூடியில்
ஓர் ஊசித்துளை.

என் மேலங்கிப் பையில் வந்திருக்கவேண்டும்,
பேருந்தில் டிக்கெட் இல்லாமல்.

மகனின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து
டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன்.
விழுந்தது:
எள்ளளவு, துருநிறம், கூன் முதுகு.
கால்களை மடக்கி, தலையை உள்ளிழுத்து,
செத்ததுபோல் கிடந்தது.

இந்த வித்தை எனக்குத் தெரியும்.
வளர்ந்த வண்டு தின்பதில்லை.
தின்றதெல்லாம் புழுவாக இருந்தபோதே முடிந்துவிட்டது.
நிக்கோட்டினும் கொல்லவில்லை, மிளகாயும் கொல்லவில்லை.
இனி அதற்கு மிச்சம்
மூன்றோ நாலோ வாரமும்
முட்டை வைக்க ஓரிடம் தேடும் வேலையும்தான்.

டப்பாவைப் பையில் சுற்றி
எங்கள் சின்ன ஃப்ரீசரில்
மகனின் புளி ஐஸ் இரண்டுக்கு நடுவில் செருகினேன்.
விளக்கு போனது. வந்தது.
மேசைக்குத் திரும்பி
அசையாமல் உட்கார்ந்தேன்,
கட்டைவிரல் தயாராக.

அது கிடந்தது. நானும் கிடந்தேன்.

தப்பாகப் போட்ட ஒரு கூட்டலுக்குப் பக்கத்தில்
ஆறு கால்களில் ஒன்று
மெல்ல விரிந்தது.