ஆலயம் நகர்ந்த வருடம்

தண்டவாளம் நான்கு மைல் தள்ளிப் போட்டார்கள்.
கடை, தபால் நிலையம், கொல்லன் பட்டறை
எல்லாம் அதன் பின்னால் போயின.
சஸ்காட்சுவன் புல்வெளியில்
ஆலயம் தனியே நின்றது.

மார்ச்சில், பனி இறுகியிருக்கும்போதே
முப்பத்தாறு குதிரைகளைப் பூட்டினார்கள்.
மணியின் நாக்கைக் கட்ட
குன்ஹில்ட் தன் காலுறையைக் கழற்றித் தந்தாள்.

இரண்டாம் மைலில் பனி இளகிவிட்டது.
ஹால்வர் ஓட்ஸ் விதைக்கவிருந்த நிலத்தில்
ஒரு பக்கம் புதைந்து உட்கார்ந்தது ஆலயம்.
"வாடகை கேட்பேன்" என்றான்,
ஏழு வருடமாக ஆராதனைக்கு வராதவன்.

கோடை முழுக்க அங்கேதான் ஜெபம்.
சரிந்த தரையில் பெஞ்சுகள் வழுக்கின.
வேலித் தகராறில் பேச்சை விட்ட இரண்டு குடும்பங்கள்
ஒரே மூலையில் போய்க் குவிந்தன.
யாருக்கோ சிரிப்பு வந்தது,
போதகருக்குத்தான் என்கிறார்கள்.

கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது:
'ஓட்ஸ் நஷ்டம், பதினான்கு டாலர், ஹால்வருக்கு.'
குறுக்கே வேறு மையில் ஒரு கோடு.
ஓரத்தில் அவன் கோணல் எழுத்து:
'பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். தீர்ந்தது.'

மறு பனியில் மீதி இரண்டு மைல்.
இப்போது தண்டவாளமும் இல்லை.
மாதம் ஒரு ஞாயிறு, ஒன்பது பேர்.

சனிக்கிழமை நான்தான் பெருக்குகிறேன்.
கைதவறி விழும் பொத்தான், பென்சில்,
எதுவானாலும்
அந்த மூலைக்கே உருள்கிறது.