இரவுப்படி

கோத்தகிரியில் மூன்றாண்டுத் திட்டம் ஒன்று,
இரவைப் பற்றி.
ஐந்து துறைகள், ஒரே ஜீப்,
வர்க்கி பேக்கரிக்கு மேல்மாடியில் அலுவலகம்,
அதில் கணக்கெழுத நான்.

படிவத்தில் ஏழாவது கட்டம்:
'இரவு தொடங்கிய நேரம்.'
மணிக்கு நாற்பத்தைந்து ரூபாய் இரவுப்படி.
கட்டம் நிரம்பாமல் காசோலை நகராது.

பொழுது சாய்ந்தால் இரவு என்றுதான்
இருபத்தொன்பது வருடம் நம்பியிருந்தேன்.

வானியல் இந்திரஜித் சிரித்தார்.
அடிவானத்துக்குக் கீழே பதினெட்டு பாகை
இறங்க வேண்டுமாம் சூரியன்.
அதுவரைக்கும் வெறும் அந்தி.
அந்திக்குப் படி வாங்குவது அவருக்கு இழுக்கு.
ஏழு இருபத்தெட்டு என்று எழுதினார்,
எட்டை மட்டும் இரண்டு முறை அழித்து.

ஷெரின் பிலோமினா
சோலை ஓரம் வெள்ளைத் துணி கட்டி
விளக்கைப் போட்டுக் காத்திருப்பாள்.
முதல் அந்துப்பூச்சி வந்து ஒட்டினால் இரவு.
பௌர்ணமிப் படிவம் இப்படி வந்தது:
'இரவு நிகழவில்லை.'

தமிழ்த்துறை திருமூர்த்தி ஐயாவோ
பிற்பகல் இரண்டே கால் என்று போட்டிருந்தார்.
தவறா என்று கேட்டேன்.
'குறிஞ்சிக்குப் பொழுது யாமம் அம்மா.
பஸ் குஞ்சப்பனை சோதனைச்சாவடி தாண்டினதுமே
எனக்கு நள்ளிரவு.'
களவில் வருகிறவனைத் தடுப்பவற்றுக்கு
அட்டவணை வைத்திருக்கிறார்:
குரைக்கும் நாய், தூங்காத தாய், ஊர்க்காவலர், நிலா.
நிலா இடைஞ்சல் என்பதில் மட்டும்
அவருக்கும் ஷெரினுக்கும் ஒத்துப்போனது.

உறைபனி நஞ்சராஜ் தொடக்கத்தை எழுதவேயில்லை.
புல்லோடு புல்லாக வெப்பமானியைப் படுக்கவைத்து
தானும் பக்கத்தில் குந்தியிருப்பவன்.
குளிர் தண்ணீர் மாதிரி மேடம்,
பள்ளம் பார்த்து ஓடித் தேங்கும் என்பான்.
காலை வெயில் பட்டு
கொழுந்து கருகுகிற ஒன்பதரை மணி,
அங்கேதான் அவனுக்கு ராத்திரி முடிகிறது.
முடிவை எழுதித் தந்துவிட்டு
தொடக்கத்தை நீங்களே போட்டுக்குங்க என்றான்.

ஐந்து படிவத்திலும் ஒரே நேரம் இருந்தது
ஒரே ஒரு நாள்.
காட்டெருமை ஒன்று ஜீப்பை மறித்து
பத்து நாற்பதிலிருந்து பன்னிரண்டு வரை
நகராமல் நின்ற நாள்.

இதற்கிடையில் கீழே
லத்தீப் பாய் இரண்டு மணிக்கே அடுப்பைத் திறந்துவிடுவார்.
என் பேரேடு முழுக்க வர்க்கி வாசம்.
அவரை யாரும் இதுவரை பேட்டி எடுக்கவில்லை.

ரெஜினா சமூகவியல்.
தேயிலைத் தொழிற்சாலையில்
இரவு முறைப் பெண்களிடம் கேள்வித்தாளோடு போவாள்.
நாற்பத்திரண்டு கேள்விகள்.
இலை வதங்கும் தொட்டிகளுக்கு நடுவே
தவமலர் என்பவர் பதினோராவது கேள்வியிலேயே நிறுத்திவிட்டார்.
'ராத்திரி எப்போ ஆரம்பிக்குதுன்னா?
காலையில எட்டு மணிக்கு வீட்டுக்குப் போவேன்.
சோறு வடிச்சு, புள்ளைங்கள அனுப்பி,
பத்து மணிக்கு ஜன்னல்ல சேலையக் கட்டுவேன்.
அப்போ ஆரம்பிக்கும்.
சேலை மெல்லிசு. வெளிச்சம் வந்துடுது.'

ரெஜினா மீதி முப்பத்தொரு கேள்வியையும்
கேட்காமலே திரும்பிவிட்டாள்.
மறுநாள் என் மேசையில் ஒரு ரசீது:
கம்பளிப் போர்வை, கறுப்பு, கனமானது, ஒன்று.
நானூற்று எண்பது ரூபாய்.

இதற்குத் தலைப்பு கிடையாது.
ஆய்வுக்கு உள்ளானவருக்குப் படி இல்லை, அன்பளிப்பு இல்லை.
விதி நான்கு, உட்பிரிவு ஆ.
ஷெரினின் வெள்ளைத் துணிக்கு மட்டும்
எப்படித் தலைப்பு கிடைத்தது என்று
பழைய பக்கங்களைப் புரட்டினேன்.
'உபகரணம்: பூச்சிகளை வரவழைக்க.'

அதற்குக் கீழேயே எழுதினேன்.
'உபகரணம்: இரவை வரவழைக்க.'

தணிக்கைக்காரர் மார்ச்சில் வருவார்.
கண்ணாடியை இறக்கி,
பகல் பத்து மணிக்கா என்பார்.
பொருளைக் காட்டச் சொல்வார்.
ஜன்னலில் அடித்திருக்கிறது சார்,
இப்போது கழற்ற முடியாது,
உள்ளே ஆள் தூங்குகிறார்.