சூரியனுக்காகச் சாட்சி

பைட்டா துறைமுகப் பாலத்தின் கடைசிப் பலகையில்
முழங்கால் மடித்து உட்கார்ந்து வாளியை இறக்குகிறேன்.
கயிறு நான்கு பாகம்.
பதினேழு வருடத்தில் மூன்று கயிறு அறுந்தது,
ஒரு வாளி அலையோடு போனது.
காலை ஏழு மணி மட்டும் அப்படியே இருக்கிறது.

பெருவின் இந்தக் கரையில் தண்ணீர் குளிர்ந்ததுதான்;
அடியாழத்திலிருந்து ஏறிவரும் குளிர்.
அதைத் தின்று பாசி, பாசியைத் தின்று நெத்திலி,
நெத்திலியைத் தின்று பறவை, படகு, வங்கி, நாங்கள்.

இன்று இருபத்தாறு புள்ளி நான்கு.

நம்பாமல் மறுபடி இறக்கினேன்.
இருபத்தாறு புள்ளி நான்கு.
விரலை விட்டுப் பார்த்தேன். அது அறிவியல் இல்லைதான்.
பிள்ளையைக் குளிப்பாட்ட விளாவி வைத்து
மறந்துபோன தண்ணீர் மாதிரி இருந்தது.

பாலத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன படகுகள்.
வலை காய்ந்து மொடமொடக்கிறது.
பெலிகன் ஒன்று மீன் சந்தையின் படியில் வந்து நின்று
பிச்சைக்காரனைப் போல அல்ல,
கடன் கேட்க வந்த உறவினனைப் போல
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது.

எவாரிஸ்டா கடையில் மதியச் சாப்பாடு.
தட்டில் எங்களுக்குப் பெயர் தெரியாத மீன்,
வெதுவெதுப்பைப் பின்தொடர்ந்து வடக்கிலிருந்து வந்தது.
ருசியாகத்தான் இருந்தது.
அதைச் சொல்ல எல்லோருக்கும் வெட்கம்.

கெரெவாலு தன் முள்கரண்டியைக் கூரைக்கு நீட்டினார்.
"எல்லாம் அவன் செய்கிற வேலை.
சூரியனுக்குப் பித்தம் ஏறிவிட்டது, நெலிடா.
எழுதிக்கொள் உன் நோட்டில்."

நான் சொன்னேன்:
நாற்பது வருடமாக அவனை
வானத்திலிருந்தே அளந்துகொண்டிருக்கிறார்கள்.
கொடுப்பதில் அவன் ஒரு காசு கூட்டவில்லை.
பதினோரு வருடத்துக்கொரு முறை கொஞ்சம் ஏறுவான், இறங்குவான்,
அது அவன் சுபாவம்.
வந்த வெயில் திரும்பிப் போகிற வாசலைத்தான்
புகையால் நாம் சாத்திக்கொண்டே வருகிறோம்.

"அப்படியானால் போக முடியாத வெயில் எங்கே?"

ஜன்னலுக்கு வெளியே கை காட்டினேன்.
நூற்றில் தொண்ணூறு பங்கு அங்கே.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு
முகத்தில் ஒன்றும் காட்டாமல்
சாயங்கால நீலத்தில் படுத்திருக்கிறதே, அதனிடம்.

"எல் நீன்யோ என் அப்பன் காலத்திலும் வந்தது."

வந்தது. இனியும் வரும்.
அப்போது வெறுந்தரையில் ஏறியது,
இப்போது திண்டு போட்டு ஏறுகிறது.

அவர் பதில் சொல்லவில்லை.
ரொட்டியால் தட்டைத் துடைத்தார், சுத்தமாக,
எண்ணெய்த் தடம்கூட மிச்சமில்லாமல்.
அவர் படகின் மேல் இரண்டு கடன் இருப்பது
ஊருக்கே தெரியும்.
வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று
எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

இரவு மழை.
மழையே தெரியாத பாலைவனத்தில் கட்டிய ஊர் இது.
என் அளவை நிலையத்துக்கு
நாணல் பாயும் தகரமும்தான் கூரை;
ஒழுகும் என்று யாரும் யோசித்ததில்லை.
செச்சூரா மணல்வெளியில் ஏரி பிறந்துவிட்டதாம்,
சாலை அதற்குள் இறங்கிப் போய்விட்டதாம்,
வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது.

விடிந்து பார்த்தால் அலமாரிக்குள் தண்ணீர்.
பதினேழு வருட நோட்டுகள் ஊறிப் புடைத்திருந்தன.
பதினெட்டு புள்ளி ஒன்று, பதினேழு புள்ளி ஒன்பது,
குளிர்ந்த காலைகளின் எண்கள் எல்லாம்
ஊதா மையாக ஒன்றின் மேல் ஒன்று கசிந்து.

நோட்டுகளை விரித்துப் பாலத்தில் பரப்பினேன்.
பறக்காமலிருக்கக் கூழாங்கற்கள்.
கெரெவாலு வந்தார். ஒன்றும் பேசவில்லை.
தன் வலையின் ஈயக்குண்டுகளைக் கழற்றி
பக்கத்துக்கொன்றாக வைத்துக்கொண்டே போனார்.

மேகம் விலகியது. ஞாயிற்றுக்கிழமை.
குற்றம் சாட்டப்பட்டவன் வந்து
தன் வழக்குக் காகிதங்களை
ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்,
காயவைத்துக்கொண்டிருந்தான்.

மணி ஏழாக இரண்டு நிமிடம்.
"கயிற்றை இப்படிக் கொடு" என்றார் கெரெவாலு.